பதினேழு பி தாணுமாலையன்

பாளையங்கோட்டையில் அரசு வேலையில் இருப்பவர் யாருக்காவது மெமோ வந்தால், மனைவியிடம் சொல்வதற்கு முன்னால் தாணுமாலையன் வீட்டுக் கதவைத் தட்டுவார். மெமோ என்றால் 'நீ செய்த இன்ன தப்புக்கு விளக்கம் கொடு' என்று மேலதிகாரி அனுப்பும் தாள். அதில் சின்னது பதினேழு ஏ. சம்பள உயர்வு ஒன்று தள்ளிப்போகும், அவ்வளவுதான். பெரியது பதினேழு பி. வேலையே போகலாம். பெரியதற்குப் பதில் எழுதி ஆட்களைத் தப்பிக்க வைத்ததில் அவருக்குப் பதினேழு பி தாணுமாலையன் என்று பேர் விழுந்துவிட்டது. கிண்டலாக வைத்த பேர். அவர் அதைப் படித்து வாங்கிய பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார். கல்யாண வீட்டில் "இவரு யாரு?" என்று யாராவது கேட்டால், பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

பிறந்தது சேரன்மகாதேவி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் தாத்தாவுக்கு வயல் இருந்தது. அப்பா காலத்திலேயே அது கைமாறிவிட்டது. இவருக்கு மிஞ்சியது, வயல் இருந்தது என்ற பேச்சும் முத்து முத்தான கையெழுத்தும்தான். பேருந்தில் போகும்போது சன்னல் வழியாகக் கை நீட்டி, "அந்தா தெரியுதுல்லா, அந்தத் தென்னை வரைக்கும் நம்மதுதான்" என்பாராம். ஒவ்வொரு தடவையும் தென்னை மாறும்.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். நடுவில் என்ன செய்தார் என்று கேட்டால் ஒரு மரத்தின் கதையைச் சொல்லுவார். ஒரு பள்ளிக்கூடச் சுவரின்மேல் வேப்பமரம் ஒன்று சாய்ந்து நின்றது. வெட்டித் தாருங்கள் என்று தலைமையாசிரியர் மனுப் போட்டார். தாணுமாலையன் அதை மேலே அனுப்பினார். மேலிருந்து வந்ததைப் பக்கத்துத் துறைக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்ததைத் தலைமையாசிரியருக்கே திருப்பி, மரத்தின் வயது என்ன என்று கேட்டார். ஒரு மழையில் மரம் தானாகவே விழுந்து சுவரையும் கொண்டுபோயிற்று. நல்ல காலம், அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. 'பொருள் தற்போது இல்லாததால் கோப்பு முடிக்கப்படுகிறது' என்று எழுதிக் கட்டிவைத்துவிட்டார். இதை அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. தன்மேல் ஒரு மெமோகூட வந்ததில்லை என்பதற்குச் சாட்சியாகச் சொல்லுவார். வேலை செய்தவனுக்குத்தானே தப்பு வரும்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டின் முன்னறைதான் அவருடைய ஆபீஸ். காசு வாங்க மாட்டார். காசு வாங்க மாட்டேன் என்பதை வருகிறவரிடம் எல்லாம் சொல்லி, அவர்கள் எழுந்து நின்று கும்பிடுகிற வரைக்கும் பேனாவைத் திறக்க மாட்டார். காசு வாங்கியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை தோன்றியிருக்கும். அவருடைய வித்தை ரொம்ப எளிது. எதையும் ஒத்துக்கொள்ளாதே. குற்றச்சாட்டு தெளிவாக இல்லை என்று சொல்லி ஆவணங்களின் நகல் கேள். நகல் வந்துவிட்டால், பேர் சொல்லாமல் அடுத்தவன்மேல் ஒரு சந்தேகத்தைப் போடு. விசாரிக்கிறவன் அலுத்துப்போய்க் கோப்பை மூடும்வரை எழுதிக்கொண்டே இரு.

அந்த வித்தை எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்தது. எங்கள் ஊர் களக்காட்டுக்குப் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தெருவிலும் நான்தான். முதல் பட்டதாரி என்று ஒரு சான்றிதழ் காட்டினால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கு விசாரித்து எழுத வேண்டிய கிராம நிர்வாக அலுவலர் எங்கள் அப்பாவை நடையாய் நடக்கவிட்டார். "ஒம் பங்காளி எவனாவது படிச்சிருப்பாம்லா, விசாரிக்கணும்லா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசித் தேதியும் போயிற்று. சலுகை இல்லாமலே சேர்ந்தேன். எப்படி என்பது எங்கள் வீட்டு விஷயம். புகார் எழுதிப் போட்டோம். அவருக்குப் பதினேழு பி வந்தது. அவர் பாளையங்கோட்டைக்குப் போனார். திரும்பி வந்து, தன் பதிலில் இருந்த ஒரு வரியை டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்: 'மனுதாரரின் தந்தை எழுத்தறிவு இல்லாதவர் ஆதலால், உரிய காலத்தில் அவர் விண்ணப்பித்தாரா என்பதே ஐயத்திற்குரியது.'

அப்பா அப்போது கடை வாசலில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வரியை எழுதிய கையின்மேல் எனக்கு அன்றைக்கே வெறுப்பு வந்துவிட்டது. ஆளைப் பார்த்தது பிறகுதான்.

பிறகு என்றால், ராணுவ அதிகாரிப் பயிற்சியில். அங்கே எனக்குப் பக்கத்து அறையில் வந்து சேர்ந்தவன் சிவகணேஷ். திருநெல்வேலி என்றதும் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டான். கெட்டவன் இல்லை. நன்றாக ஓடுவான், வரைபடம் பார்ப்பதில் கெட்டிக்காரன், அவித்த முட்டையை ஓட்டோடு எடுத்துவைத்துக்கொண்டு பிறகு பங்கு வைப்பான். அப்பா பெயர் தாணுமாலையன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து நான் ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுதியாக வேண்டும். சின்ன வயதில் வீட்டில் இவன் கை தவறித் தட்டோ தம்ளரோ உடைந்தால், அப்பா உள்ளேயிருந்து கேட்கும் முதல் கேள்வி, "பூனை வந்துச்சா?" என்பதுதானாம். "ஆமாப்பா" என்றால் முடிந்தது. அவர்கள் வீட்டில் பூனை கிடையாது. இதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிள்ளையை அடிக்காமல் வளர்த்த பெருமை அவருக்கு.

மகன் ராணுவத்துக்குப் போவதில் தாணுமாலையனுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. பட்டாளம் என்றால் என்ன என்று அவர் யோசித்ததே இல்லை. அவருக்கு அது மத்திய அரசு வேலை. மாநில அரசைவிடப் படி கூடுதல்.

பயிற்சியில் எச்சரிக்கைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வாயால் சொல்வார்கள். அடுத்தது எழுத்தில் வரும். அதற்கும் மேலே போனால் ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்; கூட வந்தவர்கள் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு போக, இவன் மட்டும் ஜூனியர்களோடு மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். அதற்கும் மேலே என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு. ஆனால் எந்த எச்சரிக்கைக்கும் பதில் ஒன்றுதான். செய்தேன் சார், இனி செய்ய மாட்டேன் சார். சொல்லிவிட்டுப் பையை முதுகில் மாட்டி மைதானத்தைச் சுற்றி வந்தால் கணக்குத் தீர்ந்தது. எங்களை மேய்க்கும் ஹவில்தாரை உஸ்தாத் என்போம். நேற்று வண்டை வண்டையாகத் திட்டிய உஸ்தாதே மறுநாள் நம் பூட்ஸைப் பார்த்து, "இப்பச் சரி" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போவார். நான் வாங்காத எச்சரிக்கையா? பூட்ஸ் மங்கல், பெல்ட் தளர்ச்சி, சல்யூட் பிந்திவிட்டது. வாழைத்தார் சுமந்த தோளுக்கு அந்தப் பை ஒரு பாரமே இல்லை.

சிவகணேஷுக்கு எழுத்தில் முதல் எச்சரிக்கை வந்தது, காலை அணிவகுப்புக்குப் பிந்தி வந்ததற்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் கையில் கிடைக்கும். துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டான். எழுதிக்கொள்ளக் கை வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். நான் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எழுத்துலயா குடுத்திருக்கான்?" என்றார் தாணுமாலையன். குரலில் பதற்றமே இல்லை. பசித்தவன் காதில் இலை போடுகிற சத்தம் விழுந்த மாதிரி ஒரு தெளிச்சி.

"ஆமாப்பா. லேட்டா வந்தேன்னு."

"லேட்டா வந்தியா?"

"வந்தேன்."

"அதை எதுக்குடே எங்கிட்டச் சொல்லுத?"

"நீங்கதானப்பா கேட்டீய."

"அது பேச்சுக்குக் கேட்டது. பேப்பர்ல என்ன இருக்கோ அதைப் படி."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, வேண்டாம்லே. ஆமான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு ஓடிட்டு வா" என்றேன்.

"யாருடே அது பக்கத்துல?"

"முத்துமாலை, அப்பா. களக்காட்டுப் பக்கம்."

"அந்தப் பையன்ட்டச் சொல்லு, நாம காலம்பூரா காயிதம் எழுதித்தான் சோறு திங்கோம்னு. நீ எழுதிக்கோ. நம்பர் ஒண்ணு..."

நம்பர் நம்பராக வந்தது. எங்கள் எழுத்து வேலை எல்லாம் இங்கிலீஷில்தான், தமிழில் சொல்கிறேன். குற்றச்சாட்டு பொத்தாம்பொதுவாக உள்ளது. எந்தக் கடிகாரத்தின்படி நேரம் கணக்கிடப்பட்டது என்று சொல்லப்படவில்லை. அந்தக் கடிகாரம் சரியானது என்று சான்றளித்த அதிகாரி யார் என்று தெரியவில்லை. வருகைப் பதிவேட்டின் நகல் கிடைத்த பிறகே விரிவான பதில் தர இயலும்.

பயிற்சியில் நாங்கள் இருந்த பிரிவைக் கம்பெனி என்பார்கள்; அதற்குத் தலைவர் மேஜர் எபனேசர். அவரும் பாளையங்கோட்டைக்காரர்தான், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பிள்ளை. சாதாரணமாக இங்கிலீஷும் இந்தியும்தான் பேசுவார். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஊர்த் தமிழ் வரும். அந்தப் பதிலை அவர் மொத்தக் கம்பெனிக்கும் முன்னால் வாசித்துக் காட்டினார். கடிகாரச் சான்று என்ற இடத்தில் எங்களோடு பயின்ற பஞ்சாப்காரர்கள் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிவகணேஷுக்குத் தண்டனை ரெட்டிப்பாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது தாணுமாலையன் என்ன சொன்னார் தெரியுமா?

"ரெட்டிப்பாக்கிட்டானா? பயந்துட்டாம்டே."

இதோடு போயிருந்தால் வேடிக்கைக் கதை. போகவில்லை. நெடுந்தூர ஓட்டம் ஒன்று உண்டு. முதுகுப் பை இன்ன எடை இருக்க வேண்டும் என்று சட்டம். அதற்காகவே சின்ன மண் மூட்டை ஒன்று கொடுப்பார்கள். சிவகணேஷுக்கு அன்றைக்குக் கணுக்காலில் வலி. சொல்லியிருந்தால் மருத்துவரிடம் அனுப்பியிருப்பார்கள். வலி என்று ஒத்துக்கொள்வதும் அவர்கள் வீட்டு வழக்கத்தில் இல்லையோ என்னவோ. மண் மூட்டையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ரயில் பயணத்துக்கென்று அம்மா வாங்கிக் கொடுத்திருந்த காற்றுத் தலையணையை ஊதிப் பைக்குள் வைத்துவிட்டான். பார்க்கப் பை கும்மென்று இருந்தது. கிளம்புவதற்கு முன் உஸ்தாத் வரிசையில் வந்தார். இவன் பையைச் சுண்டுவிரலால் தூக்கினார். பிறகு ஒரு அமுக்கு அமுக்கினார். பை 'கீச்' என்றது.

எல்லோரும் சிரித்தோம். உஸ்தாத் சிரித்தார். அவனே சிரித்துவிட்டான். இரண்டாவது எழுத்து எச்சரிக்கை வந்தது. அது கடைசிப் படி. அதற்குமேல் பின்னுக்குத் தள்ளல்தான். ஆனால் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக 'ஆமா சார், நான்தான்' என்று எழுதியிருந்தால் ஒரு வார ஓட்டத்தோடு போயிருக்கும். இதை மேஜரே பிறகு சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்பீக்கரில் போடவில்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினான்.

இரண்டு நாள் கழித்து மேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நம்பர் போட்ட தாள். மூன்றாவது நம்பரில் இருந்தது: 'மேற்படி தலையணை எனது உடைமையே எனினும், அது பையினுள் எவ்வாறு வந்தது என்பது எனக்குத் தெரியாது. எனது அறைக்கு அடுத்து வசிக்கும் எவரேனும் உள்நோக்கத்தோடு வைத்திருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.'

"இது நீ செஞ்சதா?"

"இல்ல சார்."

"எனக்குத் தெரியும். ஆனா எழுத்துல வந்துட்டு. இனி விசாரிச்சுதான் ஆகணும். ஒருத்தன் பொய் சொல்லுதான்னு முடிவானா, அவன் வீட்டுக்குப் போவான். தலையணைக்காக இல்ல, பொய்க்காக." அவர் தாளை எடுத்து மடித்தார். "பாரத்தைக் குறைச்சவனை ஓடவிட்டுச் சரிபண்ணிரலாம். பொய் எழுதிக் கையெழுத்துப் போடுதவன் நாளைக்கு 'அந்த மேட்டுல எதிரி இல்லை'ன்னு எழுதுவான். அதை நம்பி ஒரு படையே ஏறும்."

நான் நேரே சிவகணேஷ் அறைக்குப் போனேன். அவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே, பூனை நானாலே?"

அவன் நிமிரவில்லை. "ஒம் பேரு எழுதலைலா. பேரு இல்லைன்னா ஒண்ணும் ஆவாதுன்னு அப்பா சொன்னாவ."

"அடுத்த அறைன்னா நான் ஒருத்தன்தாம்லே இருக்கேன். அந்தப் பக்கம் கக்கூஸு. கக்கூஸா வச்சிச்சு?"

அவன் தேய்த்த பூட்ஸையே திரும்பத் திரும்பத் தேய்த்தான். எங்கள் அப்பா எழுத்தறிவு இல்லாதவர் என்ற வரியும் இந்த வரியும் ஒரே கையில் பிறந்தவை என்று எனக்குப் பட்டது. முதல் வரி எங்கள் காசைத் தின்றவனைக் காப்பாற்றியது. இரண்டாவது வரி என் தோளில் ஏறப்போகிற நட்சத்திரத்தைக் கேட்டது.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தாணுமாலையனே வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவி ஞானம்பாள், கையில் புளியோதரைத் தூக்கோடு. வாசலுக்குப் போய் அழைத்துவரச் சிவகணேஷுக்கு அனுமதி இல்லை. நான் போனேன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் நாடா கட்டிய கோப்பு. ஆள் நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"நீதான் முத்துமாலையா? களக்காட்டுல எங்கன?"

ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"அட, அங்கன ஒரு வி.ஏ.ஓ. இருந்தாம்லா. நமக்கு வேண்டியவன். முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட் கேசு ஒண்ணு. அருமையான கேசு. ஒரே பதில்ல முடிச்சிட்டேன்."

"அந்தப் பட்டதாரி நான்தான் சார்."

நின்றார். முகத்தில் ஏதாவது மாறும் என்று பார்த்தேன். கோப்பை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

"அப்படியா? பாத்தியா, நீயும் முன்னுக்கு வந்துட்ட, அவனும் வேலையில இருக்கான். யாருக்கும் நட்டம் இல்ல."

ஞானம்பாள் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மேஜர் தன் அறையில் அவர்கள் இருவரையும் உட்காரவைத்தார். சிவகணேஷும் நானும் நின்றோம். தாணுமாலையன் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து, "ஐயாவுக்குப் பாளையங்கோட்டைல எந்தத் தெருன்னு தெரிஞ்சுக்கிடலாமா?" என்று ஆரம்பித்தார்.

"தெருவை விடுங்க அண்ணாச்சி. இந்தப் பதிலு நீங்க எழுதுனதுதான?"

"பையன் கையெழுத்துல்லா இருக்கு."

"எங்க அம்மா கிளார்க்கா இருந்தவ. ஆபீஸ்ல பாதிப் பேருக்கு எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலதான் பதிலு டைப் அடிப்பா. 'மறுப்பதற்கில்லை'ங்கிறதை இங்கிலீஷ்ல பாத்ததும் எனக்கு அவ ஞாபகம் வந்துட்டு. அந்த இடம் வரும்போதெல்லாம் சிரிப்பா."

தாணுமாலையன் முகம் மலர்ந்தது. தன் எழுத்தைப் புகழ்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"ஒரே விஷயம்தான்," என்றார் மேஜர். "இந்தப் பதிலு நின்னா நாளைக்கு விசாரணை. இந்தப் பையனா அந்தப் பையனான்னு முடிவாகும். என்ன முடிவாகும்னு உங்களுக்கே தெரியும். பதிலை அவனே வாபஸ் வாங்கி, நடந்ததை எழுதிக் குடுத்தா, ஒரு பருவம் பின்னால தள்ளுங்கன்னு நான் மேலே எழுதுவேன். தள்ளுவாங்க. ஆனா ஆபீசர் ஆவான். சாயங்காலம் கொடி இறக்குததுக்குள்ள எனக்குத் தெரியணும்."

வெளியே பார்வையாளர் கொட்டகையில் போய் உட்கார்ந்தோம். மேஜர் என்னையும் போகச் சொன்னார். ஞானம்பாள் தூக்கைத் திறந்தார். யாரும் தொடவில்லை.

"மிரட்டுதான்," என்றார் தாணுமாலையன். "விசாரணைன்னா சாட்சி வேணும். தலையணையை நீ வச்சதைப் பாத்தவன் எவன்? ஒருத்தனும் இல்ல. குடுத்த பதிலை வாபஸ் வாங்குனா அதுவே ரெண்டாவது குற்றம். என் சர்வீஸ்ல வாபஸ் வாங்குனவன் ஒருத்தனும் உருப்பட்டதில்ல. பேசாம இருடே."

"அப்போ இந்தப் பையன்?" என்று ஞானம்பாள் என்னைக் காட்டினார்.

"அவன் பேரு எங்கயும் இல்லைலா."

"சரி, இங்கனதான நிக்கான். அவன் மூஞ்சியைப் பாத்து, நீதான் வச்சன்னு ஒருக்க சொல்லுங்க பாப்போம்."

"மூஞ்சியைப் பாத்துச் சொல்லுததுன்னா பொறவு எதுக்குக் காயிதம்?"

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் மாதிரி, பொறுமையாகச் சொன்னார். வாழ்நாள் முழுக்க அவர் செய்த தொழிலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

சிவகணேஷ் அப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பவில்லை, உதவவும் இல்லை. உதவுகிற மனசு எனக்கு அன்றைக்கு இல்லை.

"அப்பா, ஒரு பேப்பர் தாங்க."

தாணுமாலையனுக்குச் சந்தோஷம். கூடுதல் பதில் எழுதப்போகிறான் என்று நினைத்தார். கோப்பிலிருந்து நல்ல தாளாகப் பார்த்து எடுத்து, அடியில் வைத்துக்கொள்ள அட்டையும் கொடுத்து, "நம்பர் நாலுல இருந்து ஆரம்பி" என்றார்.

அவன் நம்பர் போடவில்லை. இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் இரண்டு வரி எழுதினான். அப்பாவிடம் நீட்டினான். 'மண் மூட்டையை எடுத்துவிட்டுத் தலையணையை வைத்தது நான். முன்பு எழுதிக் கொடுத்தது பொய்.'

தாணுமாலையன் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். அந்த வயதுக்கு அவர் அப்படி ஒரு தாளைத் தொட்டதே இல்லை என்றுதான் நினைக்கிறேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.

"எய்யா, 'தெரியாமல்'னு ஒரு வார்த்தை மட்டும் சேத்துரு. 'தெரியாமல் வைத்தது நான்'. ஒத்தை வார்த்தை. அது இருந்தா நாளைக்கு எங்கன போனாலும் நிக்கும்."

"தெரிஞ்சுதாம்ப்பா வச்சேன். வாயால ஊதுனதே நான்தான."

ஞானம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிவகணேஷ் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தான். "இருடே, நகல் இல்லாம எதையும் குடுக்காத" என்று தாணுமாலையன் பின்னாலேயே ஓடி, தாளை அவன் கையில் வைத்தபடியே போனில் படம் பிடித்துக்கொண்டார். மகன் நின்று கொடுத்தான். பிறகு நேராக மேஜர் அறைக்கு நடந்தான். கணுக்கால் இன்னும் சரியாகவில்லை, லேசாக நொண்டினான்.

மேஜர் சொன்னபடியே நடந்தது. அவனை ஒரு பருவம் பின்னுக்குத் தள்ளினார்கள். நாங்கள் நட்சத்திரம் குத்திக்கொண்டு வெளியேறிய அன்று அவன் ஜூனியர்களோடு வெயிலில் ஓடிக்கொண்டிருந்தான். ஓட்டம் முடிந்ததும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தான். "மன்னிச்சுரு" என்று ஒன்றும் சொல்லவில்லை. "கனமா இருக்குலே, உள்ள என்ன மண்ணா?" என்றான். எனக்கு அது போதும்.

அவனுடைய முறை வந்தபோது விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோர் வந்து தோளில் நட்சத்திரம் குத்துவது அங்கே வழக்கம். ஞானம்பாள் ஒரு தோளில் குத்தினார். தாணுமாலையன் மறு தோளில் குத்தினார். புதுச் சட்டை, அதே திருநீறு, கக்கத்தில் அதே கோப்பு. மகனுக்கு நட்சத்திரம் குத்துகிற இடத்துக்குக் கோப்பைக் கொண்டுவருகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்னைக் கண்டதும் தனியாகக் கூட்டிப்போனார். "நீயே சொல்லு. என் மொதப் பதிலைப் பாத்துத்தான அவனுவ யோசிச்சானுவ? இல்லேன்னா நேரா வீட்டுக்குல்லா அனுப்பியிருப்பான். பாளையங்கோட்டைல எல்லாரும் கேக்காவ, 'பட்டாளத்துலயும் உம்ம டிராப்டு நின்னுட்டே, வே'ன்னு."

"அந்தக் கோப்பு எதுக்கு சார் இன்னும்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ன இப்படிக் கேக்க? அவன் எழுதிக் குடுத்தது அவன் ரெக்கார்டுல இருக்கும்லா. கர்னல் ஆவும்போது எவனாவது எடுத்து நீட்டுவான். அப்போ நான் இருக்கேனோ இல்லையோ. பதிலு ரெடியா இருக்கணும்."

நாடாவை அவிழ்த்துக் காட்டினார். அன்றைக்குப் போனில் பிடித்த படத்தை அச்செடுத்து, ஓரம் மடங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மகனுடைய இரண்டு வரி. முதல் வரியில், 'தலையணையை' என்பதற்கும் 'வைத்தது' என்பதற்கும் நடுவில், கீழேயிருந்து ஒரு சின்னக் கூரைக் குறி போட்டு, முத்து முத்தான கையெழுத்தில், பென்சிலால் ஒரு வார்த்தை எழுதியிருந்தது.

தெரியாமல்.